லீஸ் பேப்பர் இல்லாதவங்களுக்கு நியூ ஜெர்சி ஸ்கூல் அட்மிஷன்: சட்டத்துக்கு 5 ஸ்டார், கவுன்டருக்கு 2 ஸ்டார்

ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (டவுன் ஸ்கூல்களை நடத்தற அமைப்பு) ரெஜிஸ்ட்ரேஷனுக்கெல்லாம் யாராவது ரிவ்யூ போடுவாங்களான்னு கேக்காதீங்க. நம்ம ஆளுங்க வீடு பாக்கறதுக்கு முன்னாடியே ஸ்கூல் ரேட்டிங் பாத்துதான் எந்த டவுன்னே முடிவு பண்றோம், அது 8-ஆ 9-ஆன்னு வாட்ஸப் குரூப்ல ராத்திரி 12 மணி வரைக்கும் சண்டை போடறோம், அப்போ அந்த ஸ்கூலுக்குள்ள பிள்ளைய சேக்கற கவுன்டர் எப்படி நடந்துக்குதுன்னும் யாராவது எழுதணும்ல. லீஸோ வீட்டுப் பத்திரமோ கையில இருக்கறவங்களுக்கு இது தேவையே இல்ல, உங்களுக்கு எல்லாம் ஸ்மூத்தா முடிஞ்சிடும். பிள்ளைங்களோட அடுத்தவங்க வீட்டு ஹால்ல, மோட்டல்ல, ஷெல்டர்ல இருக்கறவங்களுக்கும், அப்படி யாரையாவது வீட்ல தங்க வெச்சிருக்கறவங்களுக்கும்தான் எழுதறேன். டிஸ்ட்ரிக்ட் பேரு சொல்ல மாட்டேன், பிள்ளைங்க இன்னும் அங்கதான் படிக்கிறாங்க. சென்ட்ரல் ஜெர்சி பக்கம்னு வெச்சுக்கோங்க.

விஷயம் இதுதான். எனக்குத் தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க, ஹெச்-4 விசாவுல, அதாவது வீட்டுக்காரரோட வேலை விசாவ ஒட்டி வந்தவங்க, வேலைக்குப் போற பர்மிட் கிடையாது. வீட்ல நிலைமை ரொம்ப மோசமாகி ரெண்டு பிள்ளைங்களையும் கூட்டிட்டு வெளிய வந்துட்டாங்க. ஏன் என்னன்னு எழுத மாட்டேன், அது அவங்க சமாச்சாரம். வேற டவுன்ல ஒரு தோழி வீட்ல, ஹால்ல மெத்தை போட்டு இருந்தாங்க. பாஸ்போர்ட் கையில இருந்துச்சு, தடுப்பூசி கார்டு பழைய வீட்லயே மாட்டிக்கிச்சு. பிள்ளைங்க வீட்லயே உக்காந்து டிவி பாத்துட்டு இருந்தா சரிவராதுன்னு நான்தான் கார்ல கூட்டிட்டுப் போனேன்.

கவுன்டர்ல இருந்த அம்மா நல்லாதான் பேசினாங்க, அதுல குறை சொல்ல முடியாது. ஆனா அவங்க நீட்டின லிஸ்ட் இருக்கே. லீஸ் இல்லன்னா மார்ட்கேஜ் ஸ்டேட்மென்ட், இல்லன்னா ப்ராப்பர்டி டாக்ஸ் பில். கூடவே கரண்ட் பில்லோ கேஸ் பில்லோ, பேங்க் ஸ்டேட்மென்ட், டிரைவிங் லைசன்ஸ், எல்லாத்துலயும் ஒரே அட்ரஸ். "எங்க பேர்ல எதுவுமே இல்லம்மா, ஃப்ரெண்டு வீட்ல இருக்கோம்"னு சொன்னதும் உடனே இன்னொரு பேப்பர் வந்துச்சு, வீட்டுக்காரங்க நோட்டரி முன்னாடி கையெழுத்துப் போட்ட அஃபிடவிட், அதுக்குக் கூட அபார்ட்மென்ட் மேனேஜ்மென்ட் லெட்டர். இங்கதான் சிக்கலே. தோழியோட லீஸ்ல அவங்க குடும்பத்துப் பேர் மட்டும்தான் இருக்கு, கூட மூணு பேர் தங்கியிருக்காங்கன்னு லீசிங் ஆபிஸுக்குத் தெரிஞ்சா அவங்களுக்கே நோட்டீஸ் வரும். அதனால அந்தப் பொண்ணு பயந்துட்டா. "அக்கா நீங்க எவ்வளவு நாள் வேணா இருங்க, ஆனா அந்தப் பேப்பர்ல மட்டும் கையெழுத்துக் கேக்காதீங்க"ன்னு அழுதுட்டா, அவளைத் தப்பு சொல்ல முடியுமா?

இப்போ சட்டத்துக்கு வரேன், ஏன்னா 5 ஸ்டார் அதுக்குத்தான். மெக்கின்னி-வென்டோ சட்டம்னு ஒண்ணு இருக்கு, 1987-ல ரீகன் காலத்துல வந்தது, 2001-லயும் 2015-லயும் ஸ்கூல் பகுதிய இன்னும் டைட் பண்ணாங்க. நிலையா, ஒழுங்கா, போதுமான அளவுல ராத்திரி தங்க இடம் இல்லாத எந்தப் பிள்ளையும் இதுக்குள்ள வரும். ரோட்ல, கார்ல, ஷெல்டர்ல படுக்கறவங்க மட்டும்னு நினைச்சுக்காதீங்க. வீடு போயி, இல்ல பணக் கஷ்டத்துல, இல்ல அது மாதிரி காரணத்தால அடுத்தவங்க வீட்ல ஒண்டிக்கிட்டு இருக்கறவங்களும் சேத்திதான், அமெரிக்காவுல இந்தக் கணக்குல வர்ற பிள்ளைங்கள்ல நாலுல மூணு பேர் கிட்ட இந்த வகைதான். இவங்களை உடனே சேக்கணும். அட்ரஸ் ப்ரூஃப் இல்லாட்டியும், பர்த் சர்டிஃபிகேட் இல்லாட்டியும், தடுப்பூசி ரெக்கார்டு இல்லாட்டியும், கடைசித் தேதி போயிருந்தாலும். முதல்ல கிளாஸ்ல உக்கார வை, பேப்பர அப்புறம் தேடு, இதுதான் ரூலு. விசாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பேப்பரே இல்லாம வந்தவங்க பிள்ளைங்களக்கூட ஸ்கூல்ல இருந்து தள்ளக் கூடாதுன்னு 1982-ல டெக்சாஸ் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு.

சரி, இவ்வளவு நல்ல சட்டம் கவுன்டர்ல யார் வாயிலயாவது வந்துச்சான்னா, வரல. ஃப்ரெண்டு வீட்ல இருக்கோம்னு சொன்ன அந்த நிமிஷம் அவங்க கேக்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி, "ஏன் ஃப்ரெண்டு வீட்ல இருக்கீங்க?" அதைக் கேக்கல, அஃபிடவிட்ட நீட்டினாங்க. இந்த உரிமை பத்தி எல்லாரும் பாக்கற மாதிரி தெரியப்படுத்தணும்னு சட்டத்துலயே இருக்கு, போஸ்டரும் ஒட்டித்தான் இருந்தாங்க, அதுக்கு முன்னாடி ஜெராக்ஸ் மெஷின். எனக்குக் கண்ணுல பட்டது அவங்க குடுத்த பேப்பர் கட்டுல, லஞ்ச் ஃபார்முக்குப் பின்னாடி இருந்த ஒரு ஒத்தைப் பக்க ஃபார்ம். இப்போ எங்க தங்கியிருக்கீங்கன்னு கேட்டு, ஷெல்டர், மோட்டல், கார், பார்க், வீடு போனதால வேற குடும்பத்தோடன்னு வரிசையா சின்னச் சின்ன கட்டம். கடைசிக் கட்டத்துல டிக் அடிக்கச் சொன்னேன். அக்கா பேனாவ வெச்சுக்கிட்டே உக்காந்திருந்தாங்க, அடிக்க மாட்டேன்னுட்டாங்க. "நான் என்ன வீதியிலயா நிக்கறேன், எங்க அப்பா ஊர்ல ரெண்டு வீடு கட்டி வெச்சிருக்காரு"ன்னாங்க. அதுவும் நிஜந்தான். அந்த வீடு இங்க நியூ ஜெர்சில பிள்ளைய ஸ்கூல்ல சேக்க உதவாதே அக்கான்னு சொல்லி, நான் கொஞ்சம் கத்தி, அப்புறம்தான் டிக் அடிச்சாங்க.

அந்த டிக் விழுந்ததும் எல்லாம் மாறிடுச்சு, அதுவரைக்கும் அங்க நடந்தது வேற உலகம். வீடில்லாத பிள்ளைங்க விஷயத்தப் பாத்துக்கற லியேசான்னு ஒரு ஆளு இருக்காங்க, எல்லா டிஸ்ட்ரிக்ட்லயும் கட்டாயம் ஒருத்தர் இருக்கணும், அவங்களுக்கு போன் போட்டாங்க. வந்தவங்களுக்கு நான் தனியா 5 ஸ்டார் குடுப்பேன். லீஸ் கேக்கல, அஃபிடவிட் கேக்கல. தங்கியிருக்கற வீட்டு விவரம் பிள்ளையோட ரெக்கார்டுக்குள்ள ரகசியமா இருக்கும், லீசிங் ஆபிஸுக்கெல்லாம் நாங்க போன் பண்ண மாட்டோம்னு அவங்களே சொன்னாங்க, அதைக் கேட்டப்பதான் தோழிக்கு உயிரே வந்துச்சு. தடுப்பூசி ரெக்கார்டு தேடறது எங்க வேலைன்னாங்க. மதிய சாப்பாடு ஃப்ரீ, அதுக்கு வருமான ஃபார்ம் கூட வேண்டாம், லியேசான் லிஸ்ட்ல பேர் இருந்தாப் போதும். மறுநாள் காலைல ரெண்டு பேரும் கிளாஸ்ல. அந்த லியேசான் அம்மாவுக்கு இது மட்டும் வேலை இல்ல, கவுன்சிலர் வேலையும் அவங்க தலைலதான், பாவம் ரெண்டு போன் மாத்தி மாத்தி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. காரணம் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். ஃபெடரல்ல இருந்து இந்தத் திட்டத்துக்கு வருஷத்துக்கு 129 மில்லியன் டாலர் வருது, நாடு முழுக்க இந்தக் கணக்குல 13 லட்சத்துக்கும் மேல பிள்ளைங்க, வகுத்துப் பாருங்க, தலைக்கு 100 டாலர் கூடத் தேறாது. மீதியெல்லாம் டிஸ்ட்ரிக்ட் கையில இருந்துதான்.

இந்த இடத்துல நம்ம குரூப்ல ஒருத்தர் போட்ட மெசேஜ் ஞாபகம் வருது. "நாங்க மாசம் இவ்ளோ வாடகை குடுத்து இந்த டவுன்ல இருக்கறது ஸ்கூலுக்காக, டாக்ஸ் கட்டாதவங்க நோகாம உள்ள வந்தா எப்படி?" இது மொத்தமா வெட்டிப் பேச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். நியூ ஜெர்சில ஒரு வீட்டுக்கு ப்ராப்பர்டி டாக்ஸ் சராசரியா வருஷத்துக்கு 10,000 டாலர் பக்கம், நாட்டுலயே இதுதான் உச்சம், அதுல பெரிய பங்கு ஸ்கூலுக்குத்தான் போகுது. வேற டவுன்ல சொந்த வீட்ல வசதியா இருந்துக்கிட்டு மச்சினன் அட்ரஸ்ல பிள்ளைய சேக்கறவங்களப் பிடிக்க செக் பண்ணட்டும், எனக்கு ஆட்சேபணை இல்ல. இங்க டிஸ்ட்ரிக்ட்டுங்க ஆளு வெச்சு காலைல வீட்டு வாசல்ல கார் நிக்குதான்னு பாக்கறதும் நடக்குது, மாட்டினா ஒரு நாளைக்கு வருஷ ஸ்கூல் ஃபீஸ்ல 180-ல ஒரு பங்குன்னு கணக்குப் போட்டு பில் அனுப்பலாம். ஆனா எந்த டவுன்லயும் வீடு இல்லாதவங்ககிட்ட உன் டவுன் எதுன்னு கேட்டா அவங்க எந்த டவுன சொல்லுவாங்க? எங்கயாவது ஒரு இடத்துல பிள்ளை படிச்சுத்தானே ஆகணும். ஸ்கூல் காச வீட்டு வரியோட முடிச்சுப் போட்டு வெச்சது அந்தப் பிள்ளை இல்ல. அப்படி முடிச்சுப் போட்டா ஏழை டிஸ்ட்ரிக்ட் பிள்ளைங்களுக்கு அநியாயம்னு டெக்சாஸ் சான் அன்டோனியோல இருந்து சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போனாங்க, 1973-ல 5-க்கு 4-னு தோத்துட்டாங்க. அதுக்கப்புறம் அட்ரஸ்தான் எல்லாம்.

அந்த அட்ரஸ் ஒருத்தர எங்க கொண்டு போய் விடும்னு பாக்கணும்னா 2011-ல கனெக்டிகட்ல நடந்தது. வேன்லயும் ஷெல்டர்லயும் மாறி மாறிப் படுத்துட்டு இருந்த ஒரு அம்மா, கடைசியா இருந்தது பிரிட்ஜ்போர்ட்ல, பையன பக்கத்து நார்வாக்ல கிண்டர்கார்டன்ல சேத்தாங்க, பிள்ளை பாத்துக்கற பொண்ணோட அட்ரஸ் குடுத்து. திருட்டுக் கேஸ் போட்டாங்க. முதல் டிகிரி திருட்டு, அதாவது இருக்கறதுலயே பெரிய வகை! படிப்ப 15,686 டாலர்னு விலை போட்டாங்க. அட்ரஸ் குடுத்த பொண்ணு அரசாங்க வீட்ல இருந்தா, அவளையும் காலி பண்ண வெச்சுட்டாங்க. அந்த அம்மா பிரிட்ஜ்போர்ட்காரங்கதான், வீடில்லாதவங்கன்னு எடுத்துக்க முடியாதுன்னு நார்வாக் தரப்பு சொல்லுச்சு. அவங்க மேல போதைப்பொருள் வித்த கேஸும் இருந்துச்சு, அதை மறைக்கறதுக்கில்ல, 2012-ல கிடைச்ச 5 வருஷ ஜெயில் தண்டனை ரெண்டையும் சேத்துத்தான். ஆனா ஸ்கூல் கேஸ மட்டும் தனியா எடுத்துப் பாருங்க, அந்த ஷெல்டர் பேரையோ வேன் நின்ன இடத்தையோ சொல்லி இதே சட்டத்துல சேத்திருந்தா பொய் அட்ரஸுக்கே வேலை இருந்திருக்காது. பொய் சொல்ல வேண்டிய நிலைமைக்கு ஒருத்தர தள்ளறது, உண்மையச் சொன்னா என்ன கிடைக்கும்னு கவுன்டர்ல சொல்லாததுதான். என் 2 ஸ்டாருக்கு முழுக் காரணமும் இதான். இந்த அக்காகிட்டயும் ரெண்டு பேர், "பேசாம எங்க அட்ரஸ் குடுத்துடுங்க"ன்னு நல்ல மனசோடதான் சொன்னாங்க. தயவு செஞ்சு அப்படி யாருக்கும் சொல்லாதீங்க, மாட்டினா உங்களுக்கும் சேத்து வில்லங்கம், அதுவும் விசாவுல இருக்கறவங்க மேல கிரிமினல் கேஸ்னா என்ன ஆகும்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

பஸ் பத்தி. இது 3 ஸ்டார். நடுவுல தோழி வீட்ல இருந்து இன்னொரு குடும்பத்தோட பேஸ்மென்ட்டுக்கு, வேற டவுனுக்கு மாற வேண்டியதாச்சு. வீடு மாறினாலும் பழைய ஸ்கூல்லயே தொடரலாம், பிள்ளைக்கு அதுதான் நல்லதுன்னு முதல்ல எடுத்துக்கணும், அம்மா கேட்டா வண்டியும் டிஸ்ட்ரிக்ட்தான் ஏற்பாடு பண்ணணும். பேப்பர்ல அருமை. நடைமுறைல ரெண்டு டிஸ்ட்ரிக்ட்டும் யார் காசுன்னு பேசி முடிக்கற வரைக்கும் நானும் என் வீட்டுக்காரரும் மாத்தி மாத்தி கூட்டிட்டுப் போனோம். அப்புறம் ஒரு வேன் வந்துச்சு, பங்ச்சுவலா வருது, ஆனா 6:20-க்கே வருது, சின்னவ இட்லிய கையில வெச்சுக்கிட்டே ஏறுவா. டிரைவர் அங்கிள் நல்லவரு, வண்டிக்குள்ள சாப்பிடக் கூடாதுன்னு ஒரு நாளும் சொன்னதில்ல.

போறவங்களுக்கு நாலு வார்த்தை. கவுன்டர்ல நிக்காதீங்க, முதல்லயே டிஸ்ட்ரிக்ட் ஆபிஸுக்குப் போன் பண்ணி மெக்கின்னி-வென்டோ லியேசான் யாருன்னு பேர் கேட்டு வாங்கிக்கோங்க. முடியாதுன்னு சொன்னா வாயால சொன்னத ஏத்துக்காதீங்க, காரணத்த எழுத்துல கேளுங்க, அவங்க எழுதிக் குடுத்தே ஆகணும். அப்பீல் முடியற வரைக்கும் பிள்ளை ஸ்கூல்லதான் இருக்கும், அதுவும் சட்டம்தான். அதுக்கு மேலயும் இழுத்தா கவுண்டி சூப்பரின்டெண்டன்ட் ஆபிஸ், ஸ்டேட்லயும் இதுக்குன்னே ஒரு கோஆர்டினேட்டர் இருக்காங்க. இங்கிலீஷ் வரலன்னா மொழிபெயர்க்க ஆள் கேளுங்க, கூச்சப்படாதீங்க. நம்ம சங்கத்துக்காரங்க பொங்கல் விழாவுக்கு ஹால் புக் பண்ற சுறுசுறுப்புல பத்துல ஒரு பங்கு இதுல காட்டினா கூட, இப்படி லஞ்ச் ஃபார்முக்குப் பின்னாடி தேடற வேலை மிச்சம்.

ஒரு ஸ்டார் சட்டத்துலயே குறைக்கலாமான்னு இப்போதான் யோசிக்கிறேன். அக்காவுக்கு ஒரு சின்ன அபார்ட்மென்ட் கிடைச்சிருக்கு, இந்த டவுன் வாடகை கட்டுப்படியாகாம மூணு டவுன் தள்ளி. நிலையான வீடு கிடைச்சதும் அந்தப் படிப்பு வருஷம் முடியற வரைக்கும்தான் பழைய ஸ்கூல்ல இருக்கலாம், வண்டியும் அது வரைக்கும்தான். பெரியவன் இங்க ரோபோட்டிக்ஸ் டீம்ல சேந்துட்டான், அடுத்த வருஷமும் இங்கயே படிக்கறேன்னு அடம். ஜூன்ல புது டவுன் கவுன்டருக்குப் போகணும், இந்தத் தடவ லீஸும் கரண்ட் பில்லும் அக்கா பேர்லயே இருக்கு. அங்க எப்படின்னு பாத்துட்டு அப்டேட் போடறேன்.