நோட்டா, தனி அட்டையா? வெட்டிய சொல்லா, கையெழுத்தா?

தினமும் ஒரு படத்தை வெட்டி ஒட்டி, கூடவே ஓரிரு வரி சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, எதில் ஒட்டுவது என்றுதான். நான் ஓர் ஆண்டு நோட்டிலும் அடுத்த ஆண்டு தனி அட்டைகளிலும் செய்து பார்த்தேன்.

நோட்டின் சுகமே புரட்டிப் பார்ப்பதில்தான். போன தை எப்படிப் போனது என்று ஒரே மூச்சில் தெரியும். ஆனால் ஒட்ட ஒட்ட நோட்டு வீங்கும். மூன்றே மாதத்தில் என்னுடையது மூட மறுத்தது, தையலும் விட்டது. அதைவிடப் பெரிய சிக்கல், விட்டுப்போன நாளின் காலிப் பக்கம். அதைப் பார்த்த பிறகு அடுத்த பக்கத்தில் கை வைக்கத் தோன்றுவதில்லை. 11 நாள் அப்படியே கிடந்தது.

அட்டையில் அந்தத் தொல்லை இல்லை. அஞ்சலட்டை அளவு என்றால் இருபது நிமிடத்தில் நிறைந்துவிடும். பிடிக்காததை ஓரமாக வைக்கலாம், பிடித்ததை யாருக்காவது அனுப்பலாம். ருமேனியாவில் பிறந்து ஜெர்மனில் எழுதும் ஹெர்த்தா முல்லர், 2009இல் நோபல் பரிசு பெற்றவர், பயணங்களில் நண்பர்களுக்கு அனுப்பத்தான் பத்திரிகைச் சொற்களை அட்டையில் ஒட்டத் தொடங்கினார். அப்புறம் அது அவருடைய கவிதை வடிவமாகவே ஆகிவிட்டது. தினசரிப் பழக்கத்துக்கு அட்டைதான் என்பது என் முடிவு.

பசைக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். நீர்த்த வெள்ளைப் பசை நாளிதழ்த் தாளைச் சுருக்கிவிடும். க்ளூ ஸ்டிக் போதும்.

அடுத்து, சொற்கள். ஓவியர் மத்தீஸ் 1947இல் வெளியிட்ட ‘ஜாஸ்’ நூலில், வண்ணத்தாளை வெட்டிச் செய்த படங்களுக்கு நடுவே பெரிய பெரிய எழுத்தில் தன் கையாலேயே எழுதினார். கையெழுத்துக்குத் தனி அழகு உண்டு, நினைத்ததை நினைத்தபடி சொல்லவும் முடியும். ஆனால் களைத்த இரவில் நினைப்பே வராது. ‘இன்றும் வெயில்’ என்று எழுதிவிட்டுப் படுத்துவிடுவோம்.

வெட்டிய சொல் அப்படி விடாது. செய்தித் தலைப்புகளில் ‘கைது’, ‘உயர்வு’, ‘நாசம்’ கொட்டிக் கிடக்கும். நகைக்கடை விளம்பரத்தில் ‘சேதாரம்’ கிடைக்கும். ‘நீ’ மட்டும் லேசில் அகப்படாது. தமிழில் இன்னொரு விசேஷம், வேற்றுமை உருபும் ஒற்றும் சொல்லோடு ஒட்டியே வரும். போன வாரம் ஒரு தலைப்பிலிருந்து ‘மழைக்குப்’ என்று வெட்டினேன். கடைசி ‘ப்’ இருக்கிறதே, அடுத்த சொல் பகரத்தில்தான் தொடங்க வேண்டும். டப்பாவைக் கிளறினால் ‘பயணிகள்’, ‘பட்ஜெட்’, ‘பாட்டி’. நானாக யோசித்திருந்தால் மழைக்குப் பக்கத்தில் பாட்டி வந்திருக்க மாட்டாள். பிறகு ‘கதவைத்’ கிடைத்தது. அதன் ‘த்’துக்கு, அமைச்சர் பாலம் திறந்த செய்தியில் ‘திறந்து வைத்தார்’ தயாராக இருந்தது.

பெயின்ட் விளம்பரத்தின் பச்சைக் கதவை ஒட்டி, அதன் கீழே நான்கையும் வரிசையாக வைத்தேன். எங்கள் வீட்டில் பாட்டியை யாரும் ‘வைத்தார்’ என்று சொன்னதில்லை. கடைசி ‘ர்’ஐ மட்டும் கத்தரித்துவிட்டு, அந்த இடத்தில் பேனாவால் ‘ள்’ எழுதினேன்.