ஹோஸ்டிங் சேர்வரில் டெபியன்: நீண்டகாலப் பாவனையின் பின்னர்

கல்முனை, அக்கரைப்பற்றுப் பகுதி அரிசி ஆலைகள், அறுகம்பையில் விடுதி நடத்துவோர், மட்டக்களப்பிலுள்ள சில பழைய மாணவர் சங்கங்கள் ஆகியோரின் இணையத்தளங்களைச் சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்த சேர்வர்களில் வைத்து, கல்லடியில் இருந்தபடியே பராமரித்து வருகிறேன். சேர்வரை இயக்கும் லினக்ஸ் இயங்குதளமாகச் சென்ட்ஓஎஸ் 7 இல் தொடங்கி, டெபியன் 11 க்கு மாறி, இப்போது பெரும்பாலும் டெபியன் 12 இல் நிற்கிறேன். வேகத்தில் இவற்றுக்கிடையே வாடிக்கையாளர் உணரக்கூடிய வித்தியாசம் எதுவும் இல்லை. புதுப்பித்த பிறகு நேற்று ஓடிய தளம் இன்றும் ஓடுமா, அந்தப் பதிப்புக்கான ஆதரவு எப்போது முடியும், அதை முடிவு செய்வது யார் என்பவைதாம் என் தெரிவைத் தீர்மானித்தன.

சென்ட்ஓஎஸ் 7 பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. 2014 ஜூலையில் வெளியான அது, சொன்னபடியே 2024 ஜூன் 30 வரை ஆதரவு பெற்றது. ஆனால் 2019 செப்டெம்பரில் வெளியாகி, 2029 வரை நீடிக்கும் என எதிர்பார்க்கப்பட்ட 8 ஆம் பதிப்பு, 2021 இறுதியுடன் முடியும் என்று 2020 டிசெம்பரில் அறிவிக்கப்பட்டது. ஒரு நிறுவனத்தின் வணிகத் தீர்மானத்தால் காலக்கெடு மாறக்கூடும் என்றால், நிறுவனம் எதற்கும் சொந்தமில்லாத ஒன்றைப் பார்ப்பதே மேல் என்று அப்போது எண்ணினேன். 1993 இல் தொடங்கிய டெபியன் இன்றுவரை தன்னார்வலர்களின் திட்டமாகவே இருக்கிறது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு பதிப்பு வெளியாகும். ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆண்டு முழு ஆதரவும், அதன்மேல் இரண்டு ஆண்டு நீடித்த ஆதரவும் உண்டு.

சென்ட்ஓஎஸ் விட்ட இடத்தை நிரப்ப 2021 மார்ச்சில் அல்மாலினக்ஸும் ஜூனில் ரொக்கி லினக்ஸும் வந்தன. தளங்களை உலாவியிலிருந்தே நிர்வகிக்க உதவும் கட்டண மென்பொருளான சி-பெனல் வைத்து ஹோஸ்டிங் விற்பவர்களுக்கு நான் இன்றும் அல்மாவையே சொல்வேன். பத்து ஆண்டு ஆதரவு அதற்கு உண்டு, டெபியனிலோ சி-பெனல் ஓடாது. நான் பெனலையே கைவிட்டவன். 2022 இல் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 350 ஐத் தாண்டியபோது, டொலரில் மாதாந்தம் கட்டும் எந்த உரிமக் கட்டணமும் சிறிய வாடிக்கையாளரின் தலையில்தான் விழுந்தது. என்ஜின்எக்ஸ் (பக்கங்களை வழங்குவது), பி.எச்.பி. (தளத்தின் நிரல்களை ஓட்டுவது), மரியாடிபி (தரவுத்தளம்) ஆகியவற்றைக் கையாலேயே அமைத்துக்கொண்டால் டெபியன் போதும்.

டெபியனின் பலம் அதன் பழைமையிலேயே இருக்கிறது என்பதைப் பலருக்கு விளக்க வேண்டியிருக்கிறது. 2024 ஜூலை 1 ஆம் திகதி தொலைவிலிருந்து சேர்வருக்குள் நுழையப் பயன்படும் ஓப்பன்எஸ்.எஸ்.எச். இல் பாரதூரமான ஓட்டை ஒன்று வெளியிடப்பட்டது. திருத்தம் 9.8 ஆம் பதிப்பில் வந்தது. டெபியன் 12 இல் இருந்ததோ 9.2. டெபியன் அந்த 9.2 க்குள்ளேயே திருத்தத்தை மட்டும் இட்டு அன்றே வெளியிட்டது. தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கி வைத்திருந்தால் நாம் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. எனினும் வாடிக்கையாளரான ஒரு தொண்டு நிறுவனம் பாதுகாப்புச் சோதனை அறிக்கையைச் சிவப்பு எழுத்துகளுடன் அனுப்பி, "ஏன் இன்னும் 9.2 இல் இருக்கிறீர்கள்?" என்று கேட்டது. அத்தகைய கருவிகளில் பல முதல் எண்ணைத்தான் பார்க்கும். பொதியின் (நிறுவப்படும் மென்பொருள் தொகுப்பின்) முழுப் பதிப்பு எண்ணில் இறுதியாக வரும் 'டெப்12யூ3' என்ற பகுதியில்தான் திருத்தம் இடப்பட்டது தெரியும். அதே ஆண்டு மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் பின்கதவு (இரகசிய நுழைவழி) வைக்கப்பட்டிருந்ததை அன்ட்ரெஸ் புரொயிண்ட் கண்டறிந்தபோது, டெபியனின் சோதனைக் கிளைகளை அது எட்டியிருந்தது. நிலையான பதிப்பு 5.4 இலேயே நின்றதால் தப்பியது.

தானியங்கிப் புதுப்பிப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. புதுப்பித்த பின் சேர்வரை மீள இயக்கும் நேரத்துக்கு அதன் அமைப்புக் கோப்பில் உதாரணமாகத் தரப்பட்டிருப்பது 02:00. வாடகைச் சேர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடுவதால், அது நமக்குக் காலை 7:30. பெற்றோர் பாடசாலைத் தளத்தைத் திறக்கும் நேரம். நேர வலயத்தை ஆசியா/கொழும்பு என்று மாற்றிய பின்னரே அந்த வரியைத் தொடுங்கள்.

உண்மையான சிரமம் பதிப்பு விட்டுப் பதிப்புத் தாவும்போதுதான் வரும். 11 இலிருந்து 12 க்குப் போகையில் பி.எச்.பி. 7.4 இலிருந்து 8.2 க்கு மாறுகிறது. என்ஜின்எக்ஸ் கோப்பில் பி.எச்.பி. உடன் பேசும் வழியான பழைய 7.4 சொக்கெட்டின் பாதை அப்படியே கிடந்தால், பழைய பொதியை நீக்கியவுடன் எல்லாத் தளமும் 502 என்ற பிழையைக் காட்டும். பழைய வேர்ட்பிரஸ் தீம்கள் சில, 8.0 இல் நீக்கப்பட்ட கட்டளைகளைப் பயன்படுத்தியிருப்பதால் வெறும் வெள்ளைப் பக்கமாக நிற்கும். ஆகவே முதலில் ஒரு நகல் சேர்வரில் ஓட்டிப் பார்ப்பேன். இடையில் பொதிகளை நிறுவும் கருவியான அப்ட் நிறுத்தி, நீங்கள் மாற்றிய அமைப்புக் கோப்பை வைத்திருப்பதா, புதியதை இடுவதா என்று கேட்கும்; 'டி' என்று அழுத்தினால் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வரிவரியாகக் காட்டும். அதைப் படிக்காமல் என்டர் தட்டுவோர் பலர். முழு வேலையையும், இணைப்பு அறுந்தாலும் சேர்வரில் வேலையை ஓடவிடும் டிமக்ஸுக்குள் செய்வது அவசியம். மார்கழி மழையில் கரண்டும் இணைய இணைப்பும் சேர்ந்து போகும் நம் பகுதியில், புதுப்பிப்பு பாதியில் அறுந்தால் சேர்வர் இரண்டும் கெட்டானாக நிற்கும். டிமக்ஸில் என்றால் கைத்தொலைபேசி வழியாகத் திரும்பவும் இணைந்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

மற்றொரு லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவின் எல்.டி.எஸ். (நீண்டகால ஆதரவு) பதிப்புகளுக்கும் ஐந்து ஆண்டு ஆதரவு உண்டு. புதிய பொதிகள் வேண்டுவோருக்கு அது வசதி. ஆனால் சமூகம் பராமரிக்கும் 'யூனிவர்ஸ்' பிரிவுப் பொதிகளுக்கு உறுதியான பாதுகாப்புத் திருத்தம் பெற உபுண்டு ப்ரோ என்ற சந்தா வேண்டும். ஐந்து கணினி வரை இலவசமாகக் கிடைக்கும் அது, அதற்கு மேல் சேர்வர் வைத்திருப்பவருக்குச் செலவு.

2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13 க்கு இணையத்தள சேர்வர்களை ஒவ்வொன்றாக நகர்த்துகிறேன். மின்னஞ்சல் சேர்வரை மட்டும் கடைசிக்கு வைத்திருக்கிறேன். டெபியன் 13 இல் வரும் மின்னஞ்சல் மென்பொருளான டவ்கொட் 2.4, பழைய அமைப்புக் கோப்பை ஏற்காது. அதைப் புதிதாகவே எழுத வேண்டும். டெபியன் 12 க்கு நீடித்த ஆதரவு 2028 ஜூன் வரை இருப்பதால் அதற்கு அவசரமில்லை.