படகுக்கு எந்த ஸ்பீக்கர்? மூன்று வழிகளில் நான் தேர்ந்தது

என் படகில் முதலிலிருந்தே இருந்த சவுண்ட் சிஸ்டம், எஞ்சின் ஓடத் தொடங்கினால் காதில் விழாது. மாற்றுவது என்று முடிவானதும் மூன்று வழிகள் முன்னால் நின்றன: கையில் எடுத்துப்போகும் புளூடூத் ஸ்பீக்கர், காருக்கான ஸ்பீக்கரும் ஆம்பும் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்), கடலுக்கென்றே செய்யப்படும் மரைன் ஸ்பீக்கரும் ஆம்பும். நான் மரைன் பக்கம் போனேன். மறுபடி வாங்கினாலும் அதைத்தான் வாங்குவேன்.

புளூடூத் ஸ்பீக்கரைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். தூசியும் தண்ணீரும் புகாமல் காக்கும் ஐபி67 தரம் இருந்தால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்கும். படகில் ஓட்டை போட வேண்டாம், படகு பேட்டரியைத் தொட வேண்டாம், இறங்கும்போது கையோடு வீட்டுக்கு எடுத்துப்போகலாம். கயாக், சின்ன மீன்பிடிப் படகு என்றால் இதுவே போதும். பெரிய படகில்தான் சிக்கல். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறைந்துவிடும், திருப்பி அனுப்பச் சுவரும் கிடையாது. அருகில் இருப்பவருக்கு இரைச்சலாகவும் மறுமுனையில் இருப்பவருக்கு முணுமுணுப்பாகவும் கேட்கும். நாலு இடத்தில் நாலு ஸ்பீக்கர் மிதமாகப் பாடுவதுதான் படகுக்குச் சரி.

இனி காரா, மரைனா? புதிதாக மாட்டிய அன்று காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டிலும் 6.5 அங்குலம், 4 ஓம்தான் பரவலான அளவு. அதே பணத்துக்குக் கார் ஸ்பீக்கர் இன்னும் நன்றாகவே பாடக்கூடும். விஷயம் பராமரிப்பில் இருக்கிறது. உப்புக்காற்று படும் இடத்தில் எது எத்தனை நாள் நிற்கும், எதை எத்தனை முறை கழற்றித் துடைக்க வேண்டும் என்பதுதான் என்னைத் தீர்மானிக்க வைத்தது.

ஸ்பீக்கரிலிருந்து பார்ப்போம். பல கார் ஸ்பீக்கர்களில் அதிர்ந்து ஒலி எழுப்பும் கோன் காகிதம், கூடு இரும்புத் தகடு. காகிதம் ஈரத்தில் ஊறும், தகடு துருப்பிடிக்கும், அந்தத் துரு, கோனை அசைக்கும் கம்பிச்சுருள் நகரும் மெல்லிய இடைவெளிக்குள் போனால் கரகரப்பு தொடங்கும். நல்ல மரைன் ஸ்பீக்கரில் கோன் பாலிப்ரொப்பிலீன், சுற்று வளையம் ரப்பர், கூடு பிளாஸ்டிக், திருகுகள் எளிதில் துருப்பிடிக்காத 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பெட்டியில் ‘மரைன்’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். உப்பு மூட்டச் சோதனையான ஏஎஸ்டிஎம் பி117, வெயிலின் புறஊதாக் கதிர்ச் சோதனையான ஏஎஸ்டிஎம் டி4329 இரண்டும் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஐபி தரத்தையும் கவனித்துப் படியுங்கள். பல ஸ்பீக்கர்களில் அது முன்பக்கத்துக்கு மட்டும்தான். பின்பக்கம் நனையும் இடமாக இருந்தால் அந்த எண் உங்களைக் காப்பாற்றாது.

ஆனால் ஸ்பீக்கரைவிட வயர்தான் முதலில் கெடும். இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. சாதாரணச் செம்பு வயரின் வெட்டுமுனை வழியாக உப்பு ஈரம் இழைகளுக்கு நடுவே ஏறி, உறைக்குள்ளேயே வெகுதூரம் போய்விடும். வெளியில் பார்த்தால் வயர் புதுசு மாதிரி இருக்கும். உறையைச் சீவினால் உள்ளே பச்சைக் களிம்பும் கறுப்பும். மின்தடை கூடி, ஆம்புக்குப் போய்ச் சேரும் வோல்டேஜ் குறையும். சத்தத்தைக் கூட்டினால் ஒலி பிளக்கும், அல்லது ஆம்ப் தானாக அணைந்துவிடும். ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்துப் புதிது வாங்குகிறார்கள், அந்தக் கோளாறும் புதிதோடு சேர்ந்து தொடரும்.

அதனால் வெள்ளீயம் பூசிய செம்பு வயர்தான் வேண்டும். முனைகளைக் கிரிம்ப் செய்து (இணைப்பியில் வைத்து நசுக்கி இறுக்கி), உள்ளே பசை தடவிய, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூட வேண்டும். சால்டரை மட்டும் நம்பிய இணைப்பு படகின் அதிர்வில் சால்டர் முடியும் இடத்தில் முறியும். ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். இந்த வேலையை ஒரு தடவை ஒழுங்காகச் செய்துவிட்டால், பிறகு கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஸ்பீக்கரின் முன்பக்க மூடியான கிரில்லை மெதுவாக அலசுவதும், சீசன் தொடக்கத்தில் டெர்மினல்களைப் பார்ப்பதும் போதும். கார் செட் என்றால் அடிக்கடி திருகைக் கழற்ற வேண்டியிருக்கும், அந்தத் திருகும் துருவேறி இறுகியிருக்கும்.

ஆம்பிலும் இதே கதை. மரைன் ஆம்பின் சர்க்யூட் போர்டில் ஈரம் ஒட்டாத பூச்சு இருக்கும், பல கார் ஆம்புகளில் அது இராது. அப்புறம் மின்சாரச் செலவு. கிளாஸ் டி என்ற வகை ஆம்ப் 80 சதவீதத்துக்கு மேல் திறனோடு இயங்கும், பழைய கிளாஸ் ஏபி முழு ஒலியில்கூட ஏறக்குறைய 60 சதவீதம்தான், மீதி வெப்பம். எஞ்சினை அணைத்து நங்கூரமிட்டுப் பாட்டுக் கேட்பவருக்கு இது முக்கியம், ஏனென்றால் 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்குமேல் எடுத்தால் அதன் ஆயுள் தேயும். இசைக்குத் தனி பேட்டரி வைத்து, எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியைத் தொடாமல் விடுங்கள். லித்தியம் பேட்டரியை நான் பயன்படுத்தியதில்லை, அதைப் பற்றி அனுபவமாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

பாதுகாப்புக்கு இரண்டு விஷயம். பெட்ரோல் எஞ்சின் இருக்கும் அறைக்குள், தீப்பொறி வெளிவராத பாதுகாப்புச் சான்று இல்லாத எந்த மின்சாதனமும் வைக்கக் கூடாது. மரைன் ஆம்புக்கும் இந்தச் சான்று தானாக இருக்காது, கேட்டு வாங்க வேண்டும். இன்னொன்று, ஸ்பீக்கர் காந்தம் திசைகாட்டியைத் திருப்பிவிடும். எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று கையேட்டில் இருக்கும்.

நான் சொன்னதெல்லாம் உப்புத்தண்ணீர் அனுபவம். ஏரியில் ஓட்டி, டிரெய்லரில் ஏற்றி, மூடிய ஷெட்டில் நிறுத்தும் படகுக்குக் கார் செட் நல்லபடியாகவே நீடிக்கலாம். அங்கே என் வாதம் பாதியாகக் குறையும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்கக் கட்டுப்படியாகாதவர்கள் வயரிலிருந்து தொடங்குங்கள். அடுத்து மரைன் ஸ்பீக்கர், அதற்குப் பிறகு கிளாஸ் டி ஆம்ப். பாட்டைத் தேர்ந்து இயக்கும் ஹெட் யூனிட் கடைசியில் மாறினாலும் போதும், பாட்டு போனிலிருந்துதானே வருகிறது.