சால்டர் விரிசலும் கிகேட்டும்: மூன்றாண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

சர்க்கிட் போர்டு வரையும் மென்பொருளை மதிப்பிடுவோர் பெரும்பாலும் அதன் திரை அமைப்பு, வேகம், நூலகம், விலை ஆகியவற்றைப் பற்றியே எழுதுகிறார்கள். அதில் வரைந்த போர்டு வெயிலிலும் அதிர்விலும் எத்தனை நாள் தாங்குகிறது என்ற ஒரே கேள்வியை வைத்து, கிகேட் என்ற அத்தகைய மென்பொருளைப் பார்க்க விரும்புகிறேன். ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களின் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் வைக்கும் கட்டுப்பாட்டு போர்டுகளைச் சிறிய அளவில் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். அந்தத் தகரப் பெட்டி பகலில் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும், இரவில் குளிர்ந்துவிடும். மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்த சுவிட்சான கான்டாக்டர் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் பெட்டி முழுவதும் அதிரும்.

கிகேட் 1992-இல் பிரான்சில் ழான்-பியேர் ஷரா தொடங்கியது. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம் 2013 முதல் அதன் வளர்ச்சிக்குப் பங்களித்தது. முழுவதும் இலவசம், மூலநிரலும் திறந்தது. இதே வேலைக்கான ஈகிள் மென்பொருளை 2026 ஜூன் 7-உடன் நிறுத்துவதாக ஆட்டோடெஸ்க் 2023-இல் அறிவித்தபோது என்னைப் போன்ற பலர் இதற்கு மாறினோம். ஈகிள் கோப்புகளை இது நேரடியாகத் திறப்பதால் மாறுவதில் பெரிய சிரமம் இல்லை.

கிகேட்டில் நான் வரைந்த முதல் போர்டு 30 எண்ணிக்கையில் தயாரானது. அவற்றில் 7 போர்டுகள் ஒரு கோடை முடிவதற்குள் திரும்பி வந்தன. எல்லோரும் சொன்ன புகார் ஒன்றுதான்: ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் திடீரென்று நின்றுவிடுகிறது, பெட்டியைத் தட்டினால் மறுபடி ஓடுகிறது. சர்வீஸ் செய்பவர்கள் இதைக் கேட்டதுமே ‘ட்ரை சால்டர்’ (உருக்கி ஊற்றிய உலோகப் பற்று சரியாகப் பிடிக்காத இணைப்பு) என்று சொல்லிவிடுவார்கள், அது சரிதான். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸை வைத்து ரிலேயின் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சின்) காலைப் பார்த்தபோது, பளபளப்பான சால்டருக்கு நடுவே, காலைச் சுற்றி மயிரிழை அகலத்தில் மங்கிய சாம்பல் வளையம் ஒன்று தெரிந்தது. மூங்கில் குச்சியால் ரிலேயின் தலையை இலேசாக அசைத்தால் வளையத்துக்குள் அந்தக் கால் தனியாக அசைந்தது, போர்டின் எல்இடி அணைந்து எரிந்தது.

ஒரு போர்டைத் தியாகம் செய்து, அந்த இணைப்பை மெல்லிய ரம்பத்தால் குறுக்கே அறுத்துத் தேய்த்துப் பார்த்தேன். துளையின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு வரைதான் சால்டர் ஏறியிருந்தது. பொதுவாக 75 சதவீதமாவது நிரம்ப வேண்டும் என்பது போர்டு அசெம்பிளிக்கான ஐபிசி-ஏ-610 தரநிலையின் எதிர்பார்ப்பு. அசெம்பிளி செய்தவர்களைக் குறை சொல்லத் தோன்றியது. ஆனால் என் கோப்பைத் திறந்ததும் காரணம் அதிலேயே இருந்தது. மின்னோட்டம் தாராளமாகப் பாயட்டும் என்று எண்ணி, செப்புப் பரப்புக்கும் ரிலே காலின் பேடுக்கும் (கால் பற்றவைக்கப்படும் செப்புத் திட்டுக்கும்) இடையிலான இணைப்பை நான் முழுத் தொடுப்பாக வைத்திருந்தேன். போர்டின் இரண்டு பக்கமும் அகன்ற செப்பு, சால்டர் ஏறுவதற்கு முன்பே வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டது. என் மேசையில் செய்த மாதிரி போர்டு ஏன் தப்பியது என்பதும் அப்போதுதான் விளங்கியது. அதை 183 டிகிரியில் உருகும் ஈயக் கலப்புச் சால்டரால், அயர்னை நீண்ட நேரம் வைத்து நானே பற்றவைத்திருந்தேன். உற்பத்தியில் பயன்பட்ட ஈயமற்ற எஸ்ஏசி305 சால்டர் உருகத் தொடங்குவதே 217 டிகிரியில்.

இந்த இடத்தில் கிகேட்டைப் பாராட்ட வேண்டும். அது தானாகத் தருவது முழுத் தொடுப்பு அல்ல; பேடைச் சுற்றி இடைவெளி விட்டு, சில மெல்லிய செப்புக் கைகளால் மட்டும் பரப்போடு இணைக்கும் வெப்பத் தணிப்பு முறைதான். அதை மாற்றியவன் நான். மாற்றாமல் விட்டிருந்தால் பாதிப் புகார்கள் வந்திருக்காது. இப்போது பரப்பு முழுவதையும் அந்த முறையிலேயே விட்டுவிட்டு, அதிக மின்னோட்டம் செல்லும் பேடுகளுக்கு மட்டும் தனித்தனியாகக் கைகளின் அகலத்தைக் கூட்டுகிறேன். அருகில் ஓடும் செப்புத் தடத்தால் ஒரு பேடின் கைகள் வெட்டுப்பட்டு எண்ணிக்கை குறைந்துபோனால், வரைபடத்தைத் தானாகச் சரிபார்க்கும் விதிச் சோதனை அதைப் பிழையாகக் காட்டுகிறது. இரண்டாம் வடிவமைப்பில் இப்படி இரண்டு பேடுகள் ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டிருந்ததை அதுதான் கண்டுபிடித்துக் கொடுத்தது. என் கண்ணுக்கு அவை தெரியவே இல்லை.

நூலகமும் இந்த நோக்கில் கவனமாகச் செய்யப்பட்டிருக்கிறது. கையால் சால்டர் செய்வோருக்கென்று பேடு நீட்டப்பட்ட ஃபுட்பிரிண்டுகள் (ஒரு பாகம் அமரும் பேடுகளின் அமைப்புகள்) தனியாக உள்ளன. அடியில் பெரிய உலோகப் பேடு கொண்ட ஐசிகளுக்கு, சால்டர் பேஸ்ட் பூசும் திறப்பு சிறு கட்டங்களாகப் பிரித்தே தரப்பட்டிருப்பதால், ஐசி சால்டர் மேல் மிதந்து ஒரு பக்கம் சாய்வது குறைகிறது. தடம் பேடைத் தொடும் இடத்தில் செப்பைக் கண்ணீர்த்துளி வடிவில் அகலப்படுத்தும் வசதி ஏழாம் பதிப்பு முதல் உள்ளேயே இருக்கிறது. அதிர்வுக்கு ஆளாகும் போர்டில் இதைப் பயன்படுத்தாமல் விடக்கூடாது.

கிகேட் அறியாத விஷயங்களும் உண்டு, அவற்றை வாங்குபவர் அல்ல, வரைபவர் தெரிந்திருக்க வேண்டும். விதிச் சோதனை தூரங்களையும் இணைப்புகளையும் பார்க்கும்; எடையையும் வளைவையும் பார்க்காது. என் முதல் போர்டில் டிரான்ஸ்ஃபார்மர் நடுவிலும், திருகு துளைகள் நான்கும் மூலையிலும் இருந்தன. கான்டாக்டர் இழுக்கும்போதெல்லாம் போர்டு நடுவில் தறியின் மிதி போல ஏறி இறங்கியது. சோதனை பூஜ்ஜியம் பிழை என்றது. போர்டு செய்யும் எஃப்ஆர்-4 பலகை தளவாக்கில், வெப்பம் ஏறும் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 14 முதல் 17 பிபிஎம் (பத்து லட்சத்தில் அத்தனை பங்கு) விரிகிறது, ரெசிஸ்டரின் உடலான செராமிக் 6 அல்லது 7 பிபிஎம்தான். ஆகவே 2512 அளவுள்ள நீளமான ரெசிஸ்டரின் முனைச் சால்டர், சிறிய 0805 அளவை விடப் பல மடங்கு முன்னதாகவே களைத்து விரிசல் விடும். இதைப் பற்றியும் மென்பொருள் ஒரு வார்த்தை சொல்லாது. ஒரே பலகையிலிருந்து போர்டுகளைப் பிரித்தெடுக்கும் வி-வெட்டுக்குப் பக்கத்தில் செராமிக் கெப்பாசிட்டரைச் செங்குத்தாக வைத்தாலும் அப்படியே ஏற்றுக்கொள்ளும். வெட்டுக்கு இணையாகத் திருப்பி, தள்ளி வைக்க வேண்டியது நம் பொறுப்பு.

முப்பரிமாணப் பார்வையை அழகுக்கானது என்று முதலில் ஒதுக்கியிருந்தேன். இப்போது ஒவ்வொரு போர்டையும் அதில் சாய்த்துப் பார்த்து, எலக்ட்ரீஷியனின் ஸ்க்ரூடிரைவர், கம்பியை முறுக்கும் டெர்மினலுக்கு நேராக வருமா, அயர்ன் முனை பேடுக்கு எட்டுமா என்று சரிபார்த்த பிறகே கோப்பை அனுப்புகிறேன்.

மாற்றி வரைந்த போர்டுகள் 40 இரண்டு கோடைகளைக் கடந்துவிட்டன. சால்டர் காரணமாக ஒன்று மட்டும் திரும்பி வந்தது. அதில் விரிந்திருந்தது டெர்மினல் காலின் இணைப்பு: கம்பியை முறுக்கியவரின் பலம் முழுவதும் அந்தச் சிறு சால்டர் மீது இறங்கியிருந்தது. அடுத்த வடிவமைப்பில் டெர்மினலைப் பெட்டியின் உடலோடு திருகி, அங்கிருந்து போர்டுக்குக் குட்டையான ஒயர் கொடுக்கப் போகிறேன்.