வீட்டுப் பீரா, கடைப் பீரா?

வீட்டில் பீர் தயாரிக்கிறவன் எழுதும் ஒப்பீடு இது. சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டுப் பக்கம்தான். ஆனால் எல்லா வகைப் பீருக்கும் அல்ல.

தெரிந்த விஷயங்களை வேகமாகக் கடந்துவிடலாம். கடைப் பீரில் மூடியைத் திறப்பது மட்டும்தான் வேலை. வீட்டுப் பீர் நொதிக்க ஒன்றிரண்டு வாரம், பாட்டிலில் வாயு ஏற இன்னும் இரண்டு வாரம். மூலப்பொருள் மலிவுதான், பாத்திரங்களையும், கழுவிக் கழுவியே போகும் விடுமுறை நாளையும் சேர்த்தால் மிச்சம் பெரிதாக இருக்காது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதைப் பார்த்துவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள். அப்புறம், "வீட்டுச் சரக்கு குடித்தால் கண் போய்விடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. போகாது. அந்தப் பயம் கலப்படச் சாராயத்தைப் பற்றியது. பீர் வெறுமனே நொதிக்கவைப்பது, சாராயம்போல் காய்ச்சி வடிப்பது அல்ல.

சரி, முடிவைத் தீர்மானிப்பது எது? என்னைக் கேட்டால், பீரின் வயசு.

ஹாப்ஸ் என்பது பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஒரு கொடியின் பூ; அது தரும் மணம்தான் பீரில் முதலில் போவது. பாட்டிலுக்குள் மாட்டிக்கொண்ட கொஞ்சம் ஆக்சிஜன் போதும்; மணம் மங்கி, நாளடைவில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும். வெயிலில் நின்ற லாரியும் சூடான கிடங்கும் இதை இன்னும் துரிதப்படுத்தும். வெளிச்சம் வேறு ஒரு பகை: ஹாப்ஸின் கசப்புப் பொருளை உடைத்துக் கந்தக நெடி அடிக்கவைக்கும். பழுப்புக் கண்ணாடி இதைப் பெருமளவு தடுக்கும். பச்சையும் வெள்ளையும் தடுக்காது. ஆலைப் பீர் பெரும்பாலும் வடிகட்டி, ஏறக்குறைய 60 டிகிரியில் சூடுகாட்டி அனுப்பப்படுவது. கெட்டுப்போகாது, ஆனால் மணம் மங்குவதை அது நிறுத்தாது.

வீட்டில் இந்தப் பயணமே கிடையாது. இருட்டு மூலையிலிருந்து நேராகக் கோப்பைக்கு. ஈஸ்டும் உயிரோடு இருக்கிறது. பாட்டிலில் போடும் சர்க்கரையைத் தின்று வாயு உண்டாக்கும்போதே, உள்ளே புகுந்த ஆக்சிஜனில் ஒரு பங்கையும் எடுத்துக்கொள்கிறது.

அதற்காக அலட்சியமாக ஊற்ற முடியாது. குழாயின் நுனி பாட்டிலின் அடியைத் தொட வேண்டும். பீர் சலசலக்காமல் கீழிருந்து எழும்ப வேண்டும். சர்க்கரை லிட்டருக்கு 6, 7 கிராம். ஹைட்ரோமீட்டர், அதாவது பீரின் அடர்த்தியை அளக்கும் மிதவை, சில நாள் இடைவெளியில் ஒரே எண்ணைக் காட்டிய பிறகுதான் அடைக்கலாம். நொதித்தல் முடியாமல் அடைத்தால் பாட்டில் வெடிக்கும்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். அடைக்கும் நேர்த்தியில் ஆலையை நாம் நெருங்கவே முடியாது. பெரிய ஆலைகள் பீரில் கரைந்த ஆக்சிஜனை நூறு கோடியில் எத்தனை பங்கு என்று அளக்கின்றன. நம் கையில் இருப்பது ஒரு குழாய். அதனால் ஒரே நாளில் அடைத்த இரண்டையும் மாதக்கணக்கில் வைத்துத் திறந்தால் தோற்பது வீட்டுப் பீராகத்தான் இருக்கும். நமக்கு இருக்கும் ஒரே சாதகம் சீக்கிரம் குடிக்க முடிவது. இதனால்தான் ஒரு தடவைக்கு 20 லிட்டர் என்று எல்லோரும் சொல்லும் கணக்கை நான் பரிந்துரைப்பதில்லை. ஐந்தோ பத்தோ லிட்டர் போடுங்கள். மணம் இருக்கும்போதே தீரும்.

ஹாப்ஸ் தூக்கலான ஐபிஏ, கோதுமைப் பீர் இரண்டிலும் வீட்டுக்குத்தான் என் ஓட்டு. கறுத்த, வீரியமான ஸ்டவுட்டுக்கு வயசு அவ்வளவு கெடுதல் செய்யாது, சில நேரம் நல்லதே செய்யும். அங்கே கடைப் பீர் சளைத்ததல்ல.

லாகர் நான் அதிகம் போட்டதில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். 8 முதல் 13 டிகிரிக்குள் நொதிக்கவைத்து, பிறகு வாரக்கணக்கில் குளிரில் கிடத்த வேண்டும். அதற்கென்றே ஒரு ஃபிரிட்ஜ் தேவை. வெளிறிய, மென்மையான பீர் என்பதால் சின்னக் குறைகூட நாக்கில் தட்டும். ஆலைகள் அதையே ஒவ்வொரு முறையும் ஒரே ருசியில் தருவது சாதாரண வேலை அல்ல.

ஆகவே லாகரைக் கடையில்தான் வாங்குகிறேன். அதிலும் பச்சை பாட்டிலை விட்டுவிட்டுக் கேனாக எடுத்து, அடியில் அச்சடித்திருக்கும் தேதியையும் பார்த்துவிடுவேன்.