ஊர் வழக்கம் பேசுபவரா, தொழிற்சாலை பேசுபவரா: யாருக்கு ஓட்டு?

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கம் பலர் இப்படித்தான் குழம்புகிறார்கள்: கோயில், வழக்கம், விவசாயம் என்று பேசும் வேட்பாளரா, வேலை, தொழிற்சாலை என்பவரா? கட்சியை விடுங்கள், கொள்கையை மட்டும் பார்ப்போம்.

மது
முன்னவர்: கடையை மூடு.
பின்னவர்: நேரத்தைக் குறை.
2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். அந்த வருமானத்துக்கு மாற்று என்ன என்று முன்னவரிடம் கேளுங்கள்; அதோடு, ஒரு எம்எல்ஏ தனியாக மூடிவிட முடியாது.

எருது விடும் விழா
முன்னவர்: அது எங்கள் உயிர்.
பின்னவர்: பாதுகாப்பு இருந்தால் சரி.
இதையும் ஜல்லிக்கட்டையும் அனுமதிக்கும் 2017 சட்டத்திருத்தத்தை உச்ச நீதிமன்றமே 2023-ல் ஏற்றுவிட்டது. இதை வைத்து ஓட்டு கேட்பது சும்மா.

தண்ணீர்
முன்னவர்: ஏரி தூர்வாருதல், மோர்தானா கால்வாய், பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம்.
பின்னவர்: தோல் ஆலை வரட்டும், கழிவைச் சுத்திகரித்துக்கொள்ளலாம்.
விஷயமே இங்கேதான். தோல் ஆலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில் பல ஆண்டுகள் சொல்லியும் பல ஆலைகள் சுத்திகரிப்பு வசதி செய்யவில்லை என்று 1996-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை ஞாபகம் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சுத்திகரிப்புப் பேச்சை நம்புவது கொஞ்சம் கஷ்டம்.

கிணற்றை நம்பிப் பிழைப்பவருக்கு முன்னவர். படித்த பிள்ளை ஸ்ரீபெரும்புதூருக்கு பஸ் ஏறியது போதும் என்பவருக்குப் பின்னவர், ஆனால் கழிவுநீர் எங்கே போகும் என்று எழுதி வாங்கிக்கொண்டு.