லஞ்ச ஒழிப்புத் துறை: ஐந்துக்கு மூன்றரை

ஹோட்டலுக்கும் மிக்சிக்கும் ரிவ்யூ எழுதுகிறோம், இதற்கு மட்டும் ஏன் எழுதக் கூடாது? போன வருடம் மாமாவோடு கூடவே அலைந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கோபிப் பக்கம் அவருக்கு ஒன்றேகால் ஏக்கர் மஞ்சள் காடு. பாகம் பிரித்து, உட்பிரிவுப் பட்டாவுக்கு எழுதிக் கொடுத்து ஐந்து மாதம் ஆகியும் அளக்க ஆள் வரவில்லை. எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். வர வேண்டியவர் எட்டாயிரம் கேட்டு ஐந்தாயிரத்துக்கு இறங்கி, "உங்களுக்காகத்தானுங்க இந்த ரேட்டு" என்று வேறு சொல்லியிருக்கிறார். மாமாவுக்குப் பணத்தைவிட அந்தப் பேச்சுதான் சுட்டது.

கொடுத்துத் தொலைத்துவிடலாம் என்றார் அத்தை. ஆனால் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்கு அப்புறம் லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான். கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் சொன்னால் தப்பிக்கலாம். முதலிலேயே போலீசிடம் சொல்லிவிட்டு, அவனைப் பிடிக்க உதவியாகக் கொடுத்தால் குற்றமே இல்லை. சரி என்று லஞ்ச ஒழிப்புத் துறை ஆபீசுக்குக் கிளம்பினோம். மொட்டைக் கடுதாசிக்கெல்லாம் பொறி வைக்க மாட்டார்கள், பேரும் கையெழுத்தும் போட்டுத்தான் ஆக வேண்டும். மாமா அந்த இடத்தில் பேனாவைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

பொறி வைத்த நாளுக்கு ஐந்து நட்சத்திரமும் கொடுப்பேன். என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டதால் உள்ளே நடந்தது மாமா சொல்லித்தான் தெரியும். அவர் கொண்டுபோன பத்து ஐந்நூறு ரூபாய் நோட்டுகளின் நம்பரை எழுதி, பினாப்தலின் பொடி தடவினார்கள். சாட்சிக்கு வேறு துறையிலிருந்து வந்த அரசு ஊழியர்களில் ஒருவர் நோட்டை எண்ணிவிட்டு சோடியம் கார்பனேட் கரைசலில் விரலை விட்டதும், பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது ரோஸ் மில்க் ஆகிவிட்டதாம். அப்புறம் ஒரே பாடத்தை நாலு தடவை சொல்லியிருக்கிறார்கள்: "அவராக் கேட்டாத்தானுங்கய்யா குடுக்கோணும், நீங்களா நீட்டக் கூடாது." கையில் பணம் இருந்தது மட்டும் கோர்ட்டில் போதாது, அவன் கேட்டதும் நிரூபணமாக வேண்டும். அதனால்தான் இன்னொரு சாட்சி, சொந்தக்காரர் போல மாமா கூடவே போனார்.

இடம் ஒரு பேக்கரி. அளக்க வர வேண்டியவர் தேங்காய் பன்னை மென்றுகொண்டே "கொண்டாந்தீங்களா?" என்று கேட்டிருக்கிறார். பணம் கை மாறியதும் மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார், அதுதான் சைகை. விரல் மட்டுமில்லை, நோட்டை வைத்த பேண்ட் பாக்கெட்டையும் நனைத்துப் பார்த்தார்கள். மனிதருக்கு மாற்று வேட்டி வாங்கி வர ஆள் போனது.

குறைந்தபட்சம் மூன்று வருடம் ஜெயில், அதிகபட்சம் ஏழு என்கிறது சட்டம். விசாரணையை இரண்டு வருடத்தில் முடிக்க முயல வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அந்த 'முயல' என்ற வார்த்தையில்தான் எல்லாம் தொங்குகிறது. வழக்கு நடத்த, பிடிபட்டவருடைய துறையே அனுமதி கொடுக்க வேண்டும், அதற்கு மூன்று மாதம், தேவைப்பட்டால் இன்னொரு மாதம். வருடக்கணக்கில் இழுத்தால் புகார் கொடுத்தவரே சலித்துப் பின்வாங்கிவிட மாட்டாரா? அப்படிப் பிறழ்ந்தாலும், இறந்தே போனாலும், மற்ற சாட்சியங்களை வைத்துத் தண்டிக்கலாம் என்று 2022 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் சொன்னது கொஞ்சம் ஆறுதல்.

முழு மார்க் தராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கையும் களவுமாகப் பிடிக்க முன் அனுமதி தேவையில்லை. ஆனால் பெரிய அதிகாரி ஃபைலில் எடுத்த முடிவை விசாரிப்பதற்கே அதே சட்டத்தின் 17ஏ பிரிவின்படி அரசிடம் கேட்க வேண்டும். இந்தத் துறையும் மாநில அரசுக்குக் கீழேதான். ஆக வலையில் கெண்டைதான் விழும், விரால் விழாது.

போகிறவர்களுக்கு ரெண்டு விஷயம். இது பட்டா வாங்கித் தருகிற ஆபீஸ் இல்லை, அதற்குத் தனியாக அலைய வேண்டும். எங்களுக்கு இன்னொரு மூன்று மாதம் பிடித்தது. பேரம் பேசியதை செல்போனில் பதிந்திருந்தால் அந்த போனையும் வழக்குக்காக வாங்கி வைத்துக்கொள்வார்கள், முக்கியமான நம்பர்களை முதலிலேயே ஒரு தாளில் எழுதிவிடுங்கள். மாமா எழுதவில்லை. இப்போது மஞ்சள் மண்டிக்காரர் நம்பரைக் கேட்டு தினமும் எனக்குத்தான் போன் வருகிறது.